கடனில் கூடுதலாகக் கட்டலாமா, முதலீடு செய்யலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 9 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறோம். இப்போதுதான் தவணை தொடங்கியிருக்கிறது. வருடா வருடம் வரும் போனஸை இதில் கட்டலாமா, முதலீட்டில் போடலாமா?

பதில்: கடன் கொடுத்தவரிடம் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். 1 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 900 வரும். முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 150தான். தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குப் போவது 13ஆம் வருடத்தில்தான். ஆகவே கூடுதலாகக் கட்டுவதென்றால் ஆரம்ப வருடங்களில் கட்டுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை அதிகம் கட்டிவந்தால்கூட, கடன் சுமார் மூன்றரை வருடம் முன்னதாகவே தீரும்.

பலர் கோட்டைவிடுவது ஓர் இடத்தில். பணம் கட்டும்போதே "தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். தொகையைக் குறைத்துவிட்டால், மிச்சமாகும் பணம் எங்கே போனதென்றே தெரியாமல் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

முதலீடா என்றால், வரி போக 9 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும், அதுவும் நிச்சயமில்லாத வருமானம். கடனில் மிச்சமாகும் வட்டியோ நிச்சயம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் இந்த யோசனையே வேண்டாம், முதலில் அதை முடியுங்கள்.

கேள்வி: கடனுக்கு வட்டி ஒருவர் 12 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 16 சதவீதம். 12தானே மலிவு?

பதில்: 12 என்பவர் 'ஃபிளாட்' வட்டி சொல்கிறாரா என்று கேளுங்கள். அப்படியென்றால், நீங்கள் அசலை அடைக்க அடைக்க வட்டி குறையாது. கடைசி மாதம்வரை முழுத் தொகைக்கே வட்டி. 1 லட்சத்துக்கு 3 வருடத்தில் வட்டி 36,000, தவணை 3,778. குறையும் அசலுக்கு 16 சதவீதம் என்றால் தவணை சுமார் 3,516, மொத்த வட்டி 26,600க்குள். அந்த 12 உண்மையில் 21 சதவீதத்துக்குச் சமம்! சதவீதத்தை விடுங்கள், கட்டணங்களையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: அவசரப் பணம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

பதில்: மாதச் சம்பளக்காரர் என்றால் 3 முதல் 6 மாதச் செலவு, சம்பளத்தை அல்ல, செலவை வைத்துக் கணக்கிடுங்கள். வருமானம் ஏறி இறங்குமானால் இன்னும் கூடுதல். ஒரு மாதத் தொகை சேமிப்புக் கணக்கில், மீதி உடனே எடுக்கக்கூடிய வைப்பில். பங்குச் சந்தையில் வேண்டாம்.

கேள்வி: கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறோம். வீட்டுச் செலவைப் பாதிப் பாதி பிரிப்பது சரியா?

பதில்: சம்பளம் சமமாக இருந்தால் சரி. 60,000, 40,000 என்றால், 50,000 செலவில் ஆளுக்கு 25,000 கட்டியபின் ஒருவர் கையில் 35,000, இன்னொருவர் கையில் 15,000. சம்பள விகிதப்படி 30,000, 20,000 என்று பொதுக் கணக்கில் போடுங்கள். மீதி அவரவர் பணம், அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: மைத்துனர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: அவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் நீங்கள் கட்ட முடியுமா? முடியாதென்றால் போடாதீர்கள். உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.