பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடமாக டிமென்ஷியா என்ற மறதிநோய். சாயங்காலம் ஆனால் "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுகிறார். போன மாதம் அடுத்த தெருவிலிருந்து கூட்டிவந்தோம். வெளியே பூட்டு போடலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். தனியாக விட்டுப் பூட்டினால், தீப்பிடித்தாலும் அவரால் வெளியே வர முடியாது. கூட ஆள் இருக்கும்போது தாழ்ப்பாள் போடலாம். அதைக் கதவின் உச்சியில், அவர் கண்ணில் படாத இடத்தில் பொருத்துங்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் காந்த அலாரம் இன்னும் நல்லது. செருப்பு, கைப்பையை வாசலில் வைக்காதீர்கள். தூக்க மாத்திரை கிளம்புவதைத் தடுக்காது, தள்ளாடி விழவைக்கும். தூக்கத்துக்காகச் சிலர் கொடுக்கும் அவில் போன்ற அலர்ஜி மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும்.

"இதுதாம்மா உன் வீடு" என்று வாதாடுவதில் பயனில்லை. பசியா, சிறுநீர் முட்டுகிறதா, எங்காவது வலியா என்று பாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு நீங்களே ஒரு நடை கூட்டிப்போங்கள். இந்தப் பழக்கம் திடீரென அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் நழுவிவிடலாம். அதற்கு இப்போதே தயாராகுங்கள். அண்மையில் எடுத்த முழு உருவப் படம், உயரம், அடையாளங்கள், சாப்பிடும் மாத்திரைகள், பிறந்த ஊர், முன்பு குடியிருந்த தெருக்கள், வழக்கமாகப் போகும் கோயில், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி உங்கள் செல்போனிலும் வைத்திருங்கள். பிரிட்டனில் இதற்கென்றே ஹெர்பர்ட் புரோட்டோகால் என்ற படிவம் இருக்கிறது; நாம் வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். பையில் வைக்கும் சீட்டு தொலைந்துபோகும். இரண்டு செல்போன் எண்களைப் பொறித்த வளையத்தை, அவர் அதிகம் பயன்படுத்தும் கையில் போடுங்கள்; மறு கையால் கழற்றுவது சிரமம். புடவையின் உள்பக்க ஓரத்திலும் எண்ணை எழுதலாம். ஜிபிஎஸ் வாட்ச் உதவும், ஆனால் தினமும் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

காணோம் என்றால் முதலில் குளியலறை, மாடி, கட்டிலடி. உடனே இன்னொருவர் கிணறு, கண்மாய், வாய்க்கால் பக்கம் ஓடட்டும். தண்ணீரில்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் அருகில்தான் இருப்பார்கள், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் தராமல் புதருக்குள்ளோ சந்திலோ நிற்பார்கள். அதனால் நடந்துபோய்க் கண்ணால் பார்த்துத் தேடுங்கள். பதினைந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 112 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வீட்டில் ஒருவர் போனுடன் இருக்கட்டும், அம்மாவே திரும்பி வரலாம்.

கையில் காசில்லை, தூரம் போயிருக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ் நிலைய டைம்கீப்பரிடம் படத்தைக் காட்டுங்கள், அம்மா பிறந்த ஊரில் உள்ள சொந்தங்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கிடைத்ததும் திட்டாதீர்கள். தண்ணீர் கொடுத்து, பாதங்களையும் தலையையும் பாருங்கள். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.