கறண்ட் போய் வந்ததும் நாஸில் ‘டிகிரேடட்’: கிளிநொச்சி ஸ்டூடியோ

கறண்ட் போய் வந்ததும் உங்கள் ஸ்டூடியோ நாஸ் (நெட்வர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) ‘டிகிரேடட்’, அதாவது ஒரு டிஸ்க் விலகி மற்றதில் மட்டும் ஓடுகிறது, என்று காட்டுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ‘இனிஷியலைஸ்’ (டிஸ்கைப் புதிதாக அமைக்கவா) என்று கேட்டால் அமத்தவே வேண்டாம், டிஸ்கில் உள்ளது அழிந்துவிடும். ரெய்ட் 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் முறை) என்றபடியால் கல்யாணப் படங்கள் மற்ற டிஸ்கில் இருக்கும். முதலில் அவற்றை வெளி ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணுங்கள்.

யூபிஎஸ் இல்லை என்கிறீர்கள். எழுதும்போதே கறண்ட் நின்று ஒரு டிஸ்க் விலகியிருக்கலாம்.

அப்புறம் விலகிய டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். ‘பெண்டிங் செக்டர்’ (சரியாக வாசிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை) 0 இல்லாவிட்டால் டிஸ்கை மாற்றுவதுதான் நல்லது. அது 0, ‘சிஆர்சி எரர்’ (டிஸ்குக்கும் பெட்டிக்கும் இடையே தரவு போய் வரும்போது வரும் பிழை) மட்டும் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் தொடுப்புத் தளர்வு. நாஸை முறையாக நிறுத்தி, டிஸ்கைக் கழற்றி இறுக்கிப் போடுங்கள். அந்த எண் திரும்பக் குறையாது, மேலும் ஏறாவிட்டால் சரி.

ஒன்று: ‘ரிப்பேர்’ (மற்ற டிஸ்கில் உள்ளதை விலகிய அல்லது புது டிஸ்குக்குத் திரும்ப எழுதுவது) ஓடும் மணிக்கணக்கில் மற்ற டிஸ்குக்கும் கடும் வேலை. பழசென்றால் அப்போதே அதுவும் போகலாம். கொப்பி முடியாமல் தொடங்காதீர்கள்.