எண்ணெயை விட்டும் கொழுப்பு குறையவில்லையே, டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. எடை 88 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். நான்கு மாதங்களுக்கு முன் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று வந்தது. அன்றிலிருந்து எண்ணெயை அடியோடு விட்டுவிட்டேன். எல்லாமே வேகவைத்துத்தான். பசித்தால் இரண்டு தம்ளர் பழச்சாறு, கொழுப்பில்லாத பிஸ்கட். மதுவைத் தொட்டதே இல்லை. போன வாரம் ஸ்கேன் எடுத்தால் மறுபடி அதே கிரேடு 2. எடையும் அப்படியே. கொழுப்பே சாப்பிடாதவளுக்குக் கல்லீரலில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? — வாசகி ஒருவர்

பதில்: நான்கு மாதம் எண்ணெய் இல்லாமல் சாப்பிடுவது லேசான காரியமில்லை. இவ்வளவு உறுதி உள்ள உங்களுக்கு யாரும் சரியாக வழிகாட்டவில்லையே என்று கடிதத்தைப் படித்ததும் வருத்தப்பட்டேன்.

கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை உடல் பருமன் உள்ளவர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் வந்த அந்த ஆய்வின்படி, சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்து சேர்கிறது. 26 சதவீதத்தைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்துக்கொள்கிறது. சாப்பிடும் கொழுப்பிலிருந்து நேராக வருவது 15 சதவீதம்தான். நீங்கள் அடைத்தது அந்தச் சின்னக் குழாயை.

பெரிய குழாய் ஏன் மூடுவதில்லை? சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் கொழுப்புத் திசுவிடம் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும். உடல் பருமனில் அந்தச் சொல் சரியாக ஏறுவதில்லை. இரவும் பகலும் கொழுப்பு அமிலங்கள் கசிந்துகொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் பழச்சாற்றுக்கு வருவோம். அதிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையில் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகிறது. தேவைக்கு மேல் வந்ததைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது முக்கியமாக உருவாவது பால்மிடிக் அமிலம். பாமாயிலில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் அதேதான். சமையலறையிலிருந்து நீங்கள் வெளியே அனுப்பியதை உங்கள் கல்லீரல் உள்ளேயே காய்ச்சிக்கொண்டிருக்கிறது. பழச்சாற்றை இன்றைக்கே நிறுத்துங்கள். பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடலாம்.

அப்புறம் எண்ணெய். எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஸ்வீடனில் இளைஞர்களுக்கு ஏழு வாரம் தினமும் மஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப்பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு குழுவிலும் எடை ஒரே அளவுதான் ஏறியது. ஆனால் கல்லீரல் கொழுப்பு பாமாயில் குழுவில்தான் வெகுவாகக் கூடியது. 2018-ல் பின்லாந்தில் அதிக எடை உள்ளவர்களுக்கு மூன்று வாரம் தினமும் 1,000 கலோரி அதிகம் கொடுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பாக வந்தபோது கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. சர்க்கரையாக வந்தபோது 33, நிறைவுறாக் கொழுப்பாக வந்தபோது 15.

அதனால் எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்றவை, ஒரு கைப்பிடி கொட்டைகள், வாரம் இரண்டு முறை மீன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணெய்களில் உள்ள லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தை உடலால் தயாரிக்கவே முடியாது, சாப்பிட்டால்தான் உண்டு. வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி இவற்றைக் குறையுங்கள். எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு வேண்டவே வேண்டாம். எந்த எண்ணெயானாலும் கரண்டியால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. புட்டியைச் சாய்த்து ஊற்றினால் கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிவது மூன்று கரண்டியாக இருக்கும்.

ஆனால் அந்தப் பெரிய குழாய் மூட எடை இறங்கியே ஆக வேண்டும். எடையில் 5 சதவீதம், உங்களுக்கு நாலரை கிலோ, குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 சதவீதம் தாண்டினால் அழற்சி தணியும். 10 சதவீதம், அதாவது சுமார் 9 கிலோ இறங்கினால் கல்லீரலில் தழும்பு ஏற்பட்டிருந்தாலும் பலருக்கு அது குறைகிறது. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம்.

ஸ்கேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையில் கல்லீரலையும் வலது சிறுநீரகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். கொழுப்பு சேர்ந்தால் கல்லீரல் வெளுத்துப் பளிச்சென்று தெரியும், அதன் பக்கத்தில் சிறுநீரகம் கறுத்துத் தெரியும். கிரேடு என்பது இப்படிக் கண்ணால் போடும் மதிப்பு. கொழுப்பு ஓரளவு குறைந்தாலும் கிரேடு மாறாமல் இருக்கலாம். அதை விட முக்கியமானது, தழும்பு விழுந்திருக்கிறதா என்பது. கிரேடு அதைச் சொல்லாது. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் பிளேட்லெட் இல்லை. அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். எண் 1.3-க்கு மேல் வந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒமேகா 3 மாத்திரை போட்டால் ஃபேட்டி லிவர் சரியாகுமா? — வாசகர் ஒருவர்

பதில்: மீனில் கிடைக்கும் இந்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பை ஓரளவு குறைக்கிறது. தழும்பை ஆற்றுவதாக நிரூபணம் இல்லை. மாத்திரையை நம்பி எடையை விட்டுவிடாதீர்கள், மீனாகச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.