பட்டன் போனுக்கு மாறலாமா? கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் கைபேசி திருத்தும் கடை நடத்துகிறேன். கவனம் சிதறுகிறது என்று ஸ்மார்ட் போனை வைத்துவிட்டுப் பட்டன் போனுக்கு மாற நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான், உயர்தர மாணவி: அண்ணா, படிக்க உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. பட்டன் போன் வாங்கலாம் என்றால் ரியூசன் குறிப்புகள் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன.

தங்கச்சி, உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். இழுக்க இழுக்க முடிவே வராதபடிதான் அந்தச் செயலிகளை அமைத்திருக்கிறார்கள். மனவுறுதியை மட்டும் நம்பாமல் பொருளை இடம் மாற்றுங்கள்.

சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போடுங்கள். வட்ஸ்அப் கணக்கு உங்கள் எண்ணில் பதிந்திருந்தால் போதும். சிம் அதே போனில் இருக்க வேண்டியதில்லை. வைஃபையிலோ அப்பாவின் போனிலிருந்து எடுக்கும் ஹொட்ஸ்பொட்டிலோ அது இயங்கும். ஸ்மார்ட் போன் அம்மாவின் அலுமாரியில் இருக்கட்டும். மாலையில் ஒரு தடவை எடுத்துக் குறிப்புகளை இறக்கிக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரும்ப வையுங்கள். வீட்டில் கணினி இருந்தால் அதிலும் வட்ஸ்அப்பை இணைக்கலாம். ஆனால் முதன்மைப் போனை 14 நாட்களுக்கு ஒரு தடவையாவது திறக்காவிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். 120 நாட்கள் தொடாமலே விட்டால் கணக்கே அழிந்துபோகும்.

மறுபடி பதியும்போது ஆறிலக்கக் குறியீடு பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். ஆசிரியர், வங்கி, சொந்தக்காரர் என்று யார் சொல்லிக் கேட்டாலும் அதைச் சொல்லாதீர்கள்.

பரந்தன்: கனடாவிலிருந்து மாமா ஒரு பட்டன் போன் அனுப்புகிறாராம். இங்கே வேலை செய்யுமா அண்ணா?

அனுப்பும் முன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. அங்கே ஜிஎஸ்எம் என்ற 2ஜி சேவைக்கு ஒதுக்கியவை 850, 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள். இலங்கையில் 900, 1800. விலை கூடிய போன்கள் நான்கையும் பிடிக்கும். மலிவானவை இரண்டை மட்டும் பிடிக்கும். அப்படியானது இங்கே வந்தால் கைவிளக்காகத்தான் பயன்படும். *#06# அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் உரிய, 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் தெரியும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா என்று பதில் வரும்.

புதுக்குடியிருப்பு: எந்த மொடல் நல்லது?

பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடிய எதுவும்.

மாங்குளம்: பட்டன் போனில் கதிர்வீச்சு குறைவா?

அது வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஐயா.

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆசிரியை: இந்தப் பட்டன் போன் பேச்சு எங்களுக்கு ஒத்துவராது தம்பி. எத்தனை வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில்! பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்ப்பதற்காகவே என் அக்கா அந்தப் போனை வைத்திருக்கிறார். அதையும் பறிப்பதா?

முழங்காவில் (இதற்கு மறுமொழியாக): ரீச்சர், பேரப்பிள்ளை பேசிவிட்டுப் போன பிறகும் போன் கையைவிட்டு இறங்குவதில்லையே! என் அம்மா டிக்டொக் பார்த்தபடி அடுப்பில் சோற்றைக் கருக விடுகிறார்.

இதற்குப் பிறகு இருபது பேர் இருபக்கமும் நின்று எழுதிவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரீச்சர் சொல்வது மிகச் சரி. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலுக்காக வவுனியாவில் தொலைத்தொடர்பு நிலைய வாசலில் வரிசையில் நின்ற தாய்மாரை நமக்குத் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும். சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். இன்று முகம் பார்த்து ஆறுதலாகப் பேசுகிறார்கள். இந்த வசதியை அவர்களிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வராது. அம்மாவுக்குப் பட்டன் போனைத் திணிக்காதீர்கள்.

முழங்காவில் தம்பிக்கும் வழி இருக்கிறது. அம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், டிக்டொக்கையும் பேஸ்புக்கையும் நீக்கிவிட்டு, அழைப்புச் செயலியை மட்டும் முதல் திரையில் பெரிதாக வையுங்கள். அழைப்புக்கு நேரம் குறியுங்கள். இங்கே ஞாயிறு காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் சனி இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. பிள்ளைகள் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். மற்ற நேரத்தில் ஸ்மார்ட் போன் மேசையில் கிடக்கட்டும்; அம்மா விரும்பினால் கூடவே ஒரு பட்டன் போனும் வைத்திருக்கட்டும், அவசரம் என்றால் பிள்ளைகள் நேரடியாக அதற்கு எடுக்கலாம். அம்புலன்சுக்கு 1990 அழைக்கவும் பட்டன் போன் போதும்.

பட்டன் போன் வேண்டியவர் தானாக முடிவெடுத்து மாற வேண்டும். வேறொருவர் கையில் திணித்த பட்டன் போன் எத்தனையோ என் கடைக்கே விற்பனைக்கு வந்திருக்கின்றன.

துணுக்காய்: பழைய நொக்கியா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பற்றரியை வெளியே எடுத்துச் சமமான மேசையில் படுக்கவைத்து விரலால் சுழற்றுங்கள். நல்ல பற்றரி உடனே நின்றுவிடும். வயிறு ஊதியது பம்பரமாகச் சுற்றும். அதைத் திரும்பப் போடாதீர்கள், சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஊதாததாக இருந்தால், எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள்.

இரணைமடு: தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் இரட்டிப்புக் காசு வெட்டுகிறார்கள். ஏன்?

ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும்; தமிழில் 70 தான். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘வீட்டுக்கு’ என்று எழுதினாலே பத்து இடம் போகிறது. 70 ஐத் தாண்டினால் இரண்டு செய்தி. சில பட்டன் போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். வாங்கும்போதே கடைக்காரரின் போனிலிருந்து ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

விசுவமடு: வங்கிக் குறியீடு பட்டன் போனுக்கு வருமா?

குறுஞ்செய்தியாக வருவது வரும். செயலிக்குள் வருவது வராது. மாறும் முன் வங்கியில் கேளுங்கள். அந்தக் குறியீட்டையும் யாருக்கும் சொல்லாதீர்கள். இரண்டாம் தடவை எழுதிவிட்டேன், பத்தாம் தடவையும் எழுதுவேன்.

தருமபுரம்: எந்த மொடல் நல்லது அண்ணா?

மேலே புதுக்குடியிருப்புக்குச் சொன்ன பதில்தான்.

நெடுங்கேணி: எந்த மொடல்...

அதே பதில் தம்பி. பற்றரி கழற்றக்கூடியதா, 900, 1800 இரண்டும் பெட்டியில் உள்ளனவா, 1909 இலிருந்து என்ன பதில் வருகிறது: இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.