பீட் போட பேட் கன்ட்ரோலர் வாங்க வேண்டும்: 16 பேடா, 64 பேடா, கீபோர்டோடு சேர்ந்ததா?

கேள்வி கேட்ட தம்பி கொருக்குப்பேட்டை என்று போட்டிருக்கிறார். எஃப்எல் ஸ்டூடியோ என்கிற பாட்டு செய்யும் மென்பொருளில் மவுஸால் கட்டம் கட்டமாகக் கிளிக் செய்து கானா பாட்டுக்கு பீட் போடுகிறாராம், பாடுகிற பையன்கள் கேட்டுவிட்டு "மிஷின் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்கிறார்களாம், அதனால் பேட் கன்ட்ரோலர், அதாவது லேப்டாப்பில் சொருகி விரலால் தட்டி வாசிக்கிற ரப்பர் கட்டப் பலகை, வாங்கப் போகிறார்; எந்த மாடல், சத்தம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்கிறார். நான் வியாசர்பாடி. பத்துப் பன்னிரண்டு வருடமாக இதே கிறுக்குதான், பகலில் வேறு வேலை, ராத்திரி இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். 16 பேட், விரல் நுனி முழுசாக உட்காருகிற அளவு, மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் கேட்க வேண்டும். அவ்வளவுதான். எத்தனை கலரில் லைட் எரிகிறது என்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

ஏன் என்றால், "மிஷின் மாதிரி" என்று அந்தப் பையன்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மிடியில், அதாவது இசைக் கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற மொழியில், இரண்டு எண் போகும், எந்த சத்தம் என்று ஒன்று, எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் வெலாசிட்டி, 127 வரை போகும். மவுஸால் கிளிக் செய்து போட்ட அடிகள் எல்லாவற்றுக்கும் நீங்களாக மாற்றாதவரை ஒரே எண்தான். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் சட்டி வாசிக்க வருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறு அடியில் ஒன்றாவதும் நான்காவதும்தான் தெரு முனை வரைக்கும் கேட்கும், நடுவில் வருகிற அடிகளில் குச்சி தோலைச் சும்மா தொட்டுவிட்டுத் திரும்பும், தள்ளி நிற்பவனுக்கு அது காதில்கூட விழாது. ஆனால் அந்தத் தொடுகையை நிறுத்திப் பாருங்கள், ஆடிக்கொண்டிருக்கிறவன் கால் நின்றுவிடும். மவுஸில் அந்த ஆறு அடிக்கும் 100, 100, 100 என்று ஒரே எண்ணாக நிற்கிறது. மிஷின் மாதிரி இல்லாமல் வேறு எப்படிக் கேட்கும்?

இப்போது 64 பேட் கதைக்கு வருகிறேன். நோவேஷன் லாஞ்ச்பேட் 2009-ல் வந்தபோது அது ஏபிள்டன் லைவ் என்கிற இன்னொரு மென்பொருளில் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளை) தட்டி ஓடவிடுவதற்காக வந்த சாமான். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு லூப், தட்டினால் ஓடும். அந்த வேலைக்கு அது பிரமாதம். அந்த வேலைக்கு வெலாசிட்டி எதற்கு? அதனால்தான் அந்த வரிசையில் மினிக்கு வெலாசிட்டி கிடையாது, புதிய மினியிலும் கிடையாது. எக்ஸ், ப்ரோ இரண்டிலும் உண்டு. யூடியூபில் லைட் ஷோ பார்த்துவிட்டு மினியை வாங்கி அதில் டோலக் வாசிக்க உட்கார்ந்தால் மவுஸில் கேட்ட அதே 'டக் டக் டக்'தான் கேட்கும், என்ன, கலர் கலராகக் கேட்கும்.

16 என்பது எங்கிருந்து வந்தது என்றால், ரோஜர் லின் என்பவர் அகாயோடு சேர்ந்து 1988-ல் கொண்டுவந்த எம்பிசி 60-லிருந்து. நாலுக்கு நாலு ரப்பர் கட்டம். பின்னால் வந்த கம்பெனிகளும் பெரும்பாலும் அதையேதான் பிடித்துக்கொண்டன, இரண்டு கையும் முட்டிக்கொள்ளாமல் வாசிக்க அந்த அளவு சரியாக அமைந்துவிட்டது. எஃப்எல் ஸ்டூடியோவில் ட்ரம் சத்தங்களைப் போட்டு வைக்கிற எஃப்பிசியும் அதே நாலுக்கு நாலுதான், அதனால் திரையில் பார்ப்பதும் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்கும். முதல்முறை வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

மாடல் கேட்டீர்கள். இந்த வேலைக்கு நேராகப் பொருந்துவது அகாய் எம்பிடி 218, 16 பேட், 6 நாப் (திருகும் குமிழ்), பேங்க் (பேடுகளுக்குரிய சத்தத் தொகுப்பு) மாற்றினால் 48 பேட் ஆகும். மேசையில் இடமே இல்லை என்றால் எல்பிடி 8, அதில் எட்டுதான், கானா பீட்டுக்கு எட்டே போதும் என்பது என் கட்சி. பேஸ் லைனும் டியூனும் நீங்களேதான் போடுகிறீர்கள் என்றால் எம்பிகே மினி மாதிரி 25 சின்னக் கட்டையோடு எட்டு பேட் சேர்ந்து வருவதை எடுக்கலாம். டியூனுக்கு வேறு ஆள் இருக்கிறார் என்றால் அந்தக் கட்டைகள் தூசிதான் பிடிக்கும். அகாய் ஃபயர் எஃப்எல்லுக்காகவே செய்தது, கட்டம் கட்டமாகப் போடுவதை மவுஸிலிருந்து கைக்கு மாற்றித் தரும், ஆனால் பேட் குட்டி குட்டி. நீங்கள் தப்பிக்கப் பார்ப்பதே அந்தக் கட்டத்திலிருந்துதானே.

அப்புறம் ஒரு குழப்பம். நம்ம பக்கம் "பேட்" என்றால் கச்சேரி ட்ரூப்பில் குச்சியால் அடிக்கிற ஆக்டோபேட்தான் முதலில் ஞாபகம் வரும். அது வேறு. ஆக்டோபேடுக்குள்ளேயே சத்தம் இருக்கிறது, ஸ்பீக்கரில் சொருகினால் போதும். பேட் கன்ட்ரோலருக்குள் ஒரு சத்தமும் கிடையாது, லேப்டாப் இல்லாவிட்டால் அது வெறும் ரப்பர் பலகை. என் வீட்டுக்கு வந்த ட்ரூப் அண்ணன் ஒருவர் "இதான் புது பேடா" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து குச்சியை எடுத்து ஒரு உருட்டு உருட்டினார், நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் நாலு பேடில் தழும்பு. விரலுக்குச் செய்ததை விரலால்தான் வாசிக்க வேண்டும். அதே சமயம், வீட்டில் அல்லது தெரிந்தவரிடம் ரோலண்ட் எஸ்பிடி 20 மாதிரி பழைய ஆக்டோபேட் இருந்தால் அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். பின்னால் மிடி அவுட் என்று ஐந்து பின் ஓட்டை இருக்கும், அதிலிருந்து யுஎஸ்பிக்கு ஒரு மிடி கேபிள் போட்டால் அதுவே கன்ட்ரோலர் ஆகிவிடும். குச்சிக் கை பழகினவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் தட்டினால் சத்தம் லேட்டாக வரும், பேட் சரியில்லை என்று திருப்பி அனுப்பத் தோன்றும். நானே அனுப்பப் பார்த்தேன். இரண்டு நாள் டிரைவர், செட்டிங் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது என்னவென்றால், காதில் மாட்டியிருந்தது ப்ளூடூத் இயர்போன். சாதாரண ப்ளூடூத்தில் 150, 200 மில்லி செகண்ட் சர்வசாதாரணமாகப் போய்விடும், வேகமான ஆறு அடித் தாளத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற நேரமே அவ்வளவுதான், ஆக நான் இரண்டாவது அடி அடிக்கும்போது முதலாவது கேட்டுக்கொண்டிருந்தது. ஒயர் உள்ள ஹெட்போன் போடுங்கள். விண்டோஸ் என்றால் ஆடியோ செட்டிங்கில் ஏஎஸ்ஐஓ டிரைவரை (சத்தம் தாமதிக்காமல் போக உதவுவது) தேர்ந்தெடுத்து பஃபரை, அதாவது சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற அளவை, 256-க்குக் கொண்டுவாருங்கள், 44,100 சாம்பிள் ரேட்டில் அது 6 மில்லி செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு, கைக்குத் தெரியாது. லேப்டாப் பழசு, சத்தம் பிசிறடிக்கிறது என்றால் 512, அது 12-க்குக் கொஞ்சம் உள்ளே, சமாளிக்கலாம். மிக்ஸிங் செய்யும்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தலைவலி, தட்டினால் வேறு சத்தம் வருவது. கிக் 36, ஸ்னேர் 38, மூடின ஹைஹேட் 42, இது பொதுவான மிடி எண். இந்த 36-ஐ ஸ்வரப் பெயரில் ஏபிள்டன் சி1 என்று காட்டும், எஃப்எல் சி3 என்று காட்டும், நெட்டில் ஒருவர் சி1 என்று எழுதியதைப் படித்துவிட்டு எஃப்எல்லில் சி1 தேடினால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் ஆன்லைனில் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, விற்கிறவர் வீட்டு வாசலோ, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பேடையும் பத்து முறை மெதுவாக, நுனி விரலால் மட்டும் தட்டிப் பாருங்கள். எல்லோரும் ஓங்கி அடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாங்கி வந்துவிடுவார்கள், ஓங்கி அடித்தால் செத்த பேடும் பேசும், மெதுவாகத் தட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும். நான் முதலில் வாங்கின பழைய பேடில், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், மேல் வரிசையில் ஒன்று ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் கொடுத்தது. திறந்து துடைத்து ஒட்டிப் பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் அதில் அதிகம் தேவைப்படாத சத்தத்தைப் போட்டு ஒதுக்கிவிட்டேன். யுஎஸ்பி ஒயரை லேசாக ஆட்டியும் பாருங்கள், இணைப்பு விட்டு விட்டு வந்தால் வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் இருந்த சாமான் என்றால் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ராத்திரி வாசிக்கிறவராக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்போன் போட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்று நினைப்போம். உங்களுக்குத்தான் பாட்டு, பக்கத்தில் படுத்திருக்கிறவர்களுக்கு மேசை வழியாக 'தட் தட்' என்று ரப்பர் சத்தம் மட்டும் போகும். எங்கள் வீட்டில் ஒரே அறைதான், "என்னடா ராத்திரி நேரத்துல மாவு இடிக்கிறே" என்று ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டது. பழைய லுங்கியை நாலாக மடித்து அடியில் போட்டேன், பாதி குறைந்தது. அதைவிட மெதுவாக வாசிக்கப் பழகினதில்தான் மீதி குறைந்தது, அதற்கு பேடின் வெலாசிட்டி கர்வை மாற்ற வேண்டும், கம்பெனியின் மென்பொருளில் இருக்கும், லேசான தட்டுக்கே எண் ஏறுகிற மாதிரி வைத்துக்கொண்டால் விரலும் வலிக்காது. ஃபுல் லெவல் என்று ஒரு பட்டன் இருக்கும், அது எரிந்துகொண்டிருந்தால் எப்படித் தட்டினாலும் 127 போகும். அணைத்து வையுங்கள்.

அதேபோல குவான்டைஸ், அதாவது அடிகளைத் தாளக் கோட்டில் இழுத்து நேராக்குகிற வசதி. பேடில் உயிரோடு வாசித்துவிட்டு அப்புறம் எல்லா அடியையும் முழுசாகக் கோட்டில் இழுத்து ஒட்டிவிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். ரெக்கார்ட் செய்யும்போதே தானாக இழுக்கிற வசதியும் எஃப்எல்லில் இருக்கிறது, அதை முதலில் அணையுங்கள். ரொம்பத் தள்ளிப் போன அடியை மட்டும் கையால் நகர்த்துங்கள். ப்ராஜெக்டை 6/8-க்கு, அதாவது ஆறு அடித் தாளத்துக்கு, மாற்றிவிட்டீர்களா என்றும் பாருங்கள், நாலில் வைத்துக்கொண்டு ஆறைத் தட்டினால் மெட்ரோனோமே நம்மைக் குழப்பிவிடும்.

சத்தம் எங்கே கிடைக்கும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நெட்டில் "இந்தியன் பெர்கஷன்" என்று கிடைப்பதில் தபேலா நிறைய இருக்கும், நம்ம சட்டி பெரும்பாலும் இருக்காது. வாசிக்கிற ஆள் யாராவது தெரிந்தவர் இருந்தால் டீயும் பேட்டாவும் கொடுத்து மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுவிடுங்கள், போன் மைக் போதும். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாக எடுத்து எஃப்பிசியில் ஒரே பேடில் மூன்று லேயராகப் போட்டு, எந்த வெலாசிட்டிக்கு எது என்று பிரித்துவிடுங்கள். அப்போதுதான் மெதுவாகத் தட்டும்போது அதே சத்தம் குறைவாகக் கேட்காமல், குச்சி தோலைத் தொடுகிற சத்தமே கேட்கும். விடியற்காலையில் எடுங்கள். நான் காலை எட்டு மணிக்கு எடுத்தேன், ஓங்கி அடித்த அடியின் வாலில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கமிருந்து மின்சார ரயில் ஹாரன் விழுந்துவிட்டது, எவ்வளவு வெட்டியும் போகவில்லை. அதை வைத்தே மூன்று பாட்டு செய்துவிட்டேன், இதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.