லாப்டாப்போட ஒட்டிக்கிட்டு வந்த சாஃப்ட்வேர்: எதுக்கு காசு திரும்ப வரும், எதுக்கு வராது

கேள்வி: வணக்கம் மேத்ர் (வக்கீல்). நாங்க பிரான்ஸோட ரீயூனியன் தீவுல சேன் பெனுவால இருக்கோம், பூர்வீகம் காரைக்கால். போன வருஷம் ஆகஸ்ட்ல ஸ்கூல் திறக்கிற சமயத்துல பையனுக்கு சேன் தெனில ஒரு பெரிய கடைல 649 யூரோவுக்கு லாப்டாப் வாங்கினோம். திறந்தா விண்டோஸ் மட்டும் இல்ல, ஆன்டிவைரஸ், ஆபீஸ் ட்ரையல், கேம்ஸ், ஃபோட்டோ சேமிக்கிறதுன்னு நாங்க கேக்காதது எல்லாம் இருந்துச்சு. ஆன்டிவைரஸ் ஒரு வருஷம் ஃப்ரீன்னு சொல்லி கார்டு நம்பர் கேட்டுச்சு, நானும் போட்டுட்டேன். இந்த மாசம் 89,99 யூரோ எடுத்துட்டாங்க. பையன் நடுவுலயே விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுட்டான். இப்ப சார்ஜர் குத்துற இடம் ஆடுது, கடைல கேட்டா விண்டோஸை எடுத்துட்டீங்க, கேரண்டி போச்சுங்கிறாங்க. விண்டோஸுக்கு கொடுத்த காசையாவது திரும்ப வாங்க முடியுமா? இன்னொண்ணு, வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் கூட வந்த எட்ஜ் பிரவுசரை எடுக்கவே முடியல, தமிழ் வேணும்னு செட் பண்றப்ப இந்தியான்னு போட்டிருந்தோம், அது காரணமா இருக்குமா?

பதில்: வணக்கம் சகோதரி. நீங்க முக்கியம்னு நினைச்சுக் கேட்டது விண்டோஸ் காசு, ஆனா அதுலதான் உங்க பக்கம் பலம் கம்மி. நீங்க போற போக்குல சொன்ன ஆன்டிவைரஸ்லயும் கேரண்டிலயும்தான் சட்டம் உங்க பக்கம் இருக்கு. அதனால அந்த ரெண்டையும் முதல்ல சொல்றேன்.

கடைக்காரர் சொன்னது தப்பு. சாமான் விக்கிறவர் ரெண்டு வருஷத்துக்கு பொறுப்புங்கிறது பிரெஞ்சு நுகர்வோர் சட்டத்துல இருக்கு, கடைக்காரர் மனசு வச்சுக் கொடுக்கிற சலுகை இல்ல. புது சாமான்ல 24 மாசத்துக்குள்ள பழுது வெளிய வந்தா அது வாங்கினப்பவே இருந்த பழுதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் சார்ஜர் குத்துற ஓட்டை தகடும் பிளாஸ்டிக்கும்தானே, சிஸ்டத்தை மாத்தினதால அது எப்படி ஆடும்? லேப்டாப் கீழ விழுந்துச்சு, தண்ணி பட்டுச்சுன்னு அவர் நிரூபிச்சா அது வேற கதை. லினக்ஸ் போட்டதைக் காரணம் காட்டி மொத்த கேரண்டியும் போச்சுன்னு சொல்ல அவருக்கு உரிமை இல்ல. கடைல வாயால பேசிட்டு வராதீங்க, ரெகொமாந்தே (பதிவுத்) தபால்ல எழுதுங்க, வாங்கின பில் நகலை வைங்க, "ரிப்பேர் பண்ணுங்க இல்ல வேற கொடுங்க"ன்னு கேளுங்க. கடிதம் எழுதும்போது கம்பெனி தர்ற வாரண்டியை இழுக்காதீங்க, கடைக்காரர் தர வேண்டிய சட்டப்படியான கேரண்டின்னு தெளிவா எழுதுங்க, ரெண்டும் வேற வேற. அதைத்தான் கடைகள்ல குழப்பி விட்டுடறாங்க.

அடுத்தது ஆன்டிவைரஸ். ஃப்ரீன்னு போட்டு கார்டு நம்பர் வாங்கி வருஷம் முடிஞ்சதும் காசு எடுக்கிறது இப்ப ரொம்ப சாதாரணமா நடக்குது, என்கிட்ட வர்ற கேள்விகள்ல இது மாதிரி நிறைய, அதுலயும் வயசானவங்க நிறைய பேர் பேங்க் ஸ்டேட்மென்ட்டை பார்க்கிறதே இல்ல. இதுக்கு நுகர்வோர் சட்டத்துல எல்.215-1னு ஒரு பிரிவு இருக்கு. ஒப்பந்தம் தானா புதுப்பிக்கப்படும்னா, புதுப்பிக்க வேண்டாம்னு சொல்ல கடைசி நாளுக்கு மூணு மாசத்துக்கு மேல முந்தியும் இல்லாம ஒரு மாசத்துக்குள்ள பிந்தியும் இல்லாம, அதுக்குன்னே தனியா எழுதின ஒரு கடிதமோ மெயிலோ உங்களுக்கு வந்திருக்கணும், அந்த கடைசி தேதி அதுல கட்டம் கட்டி தெளிவா இருக்கணும். விளம்பர மெயில் ஒண்ணோட அடில சின்ன எழுத்துல போட்டா அது கணக்கு இல்ல. அப்படி வரலைன்னா, புதுப்பிச்ச தேதிலருந்து எப்ப வேணும்னாலும் ஒரு சென்ட் கூட கொடுக்காம நிறுத்தலாம், முன்கூட்டியே எடுத்த காசை 30 நாளுக்குள்ள திருப்பணும், ஓடின நாளுக்கு உண்டானதை மட்டும் கழிச்சுக்கலாம். அதனால இன்னைக்கே செய்யுங்க, தள்ளிப் போட்டா அந்த கழிக்கிற தொகைதான் ஏறிக்கிட்டே போகும்.

முதல்ல மெயில் பெட்டியைத் தேடுங்க, ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்க, பையன் மெயில் ஐடி கொடுத்து பதிவு பண்ணியிருந்தா அங்கயும் பாருங்க. ஏன்னா மெயில் ஒழுங்கா வந்திருந்து நீங்க படிக்காம விட்டிருந்தா இந்த வாதம் நிக்காது. அப்பவும் ஒரு வழி இருக்கு, காசு கேக்கிற சேவைன்னா அதுக்கு உங்க வெளிப்படையான சம்மதம் வாங்கியிருக்கணும், முன்னாடியே டிக் போட்டு வச்ச கட்டத்தை சம்மதம்னு சொல்ல முடியாது. ஃப்ரீங்கிறதை பெருசா போட்டு 89,99ஐ ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னா அதைச் சுட்டிக்காட்டலாம். அந்த ஸ்கிரீன் இப்ப உங்ககிட்ட இருக்காது, ஆனா அதே ஆன்டிவைரஸ் வேற யார் லாப்டாப்லயாவது புதுசா திறக்கிறப்ப வந்தா ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

நிறுத்தறதுக்கு நீங்க கஷ்டப்பட வேண்டியதில்ல. 2023 ஜூன் 1லருந்து இணையத்துல செய்ற சந்தாவை இணையத்துலயே எளிதா நிறுத்த ஒரு பட்டன் வைக்கணும்னு பிரான்ஸ்ல சட்டம், மூணு கிளிக்ல நிறுத்தறதுன்னு டிவிலயும் ரேடியோலயும் சொன்னாங்களே அதுதான். கம்பெனியோட பிரெஞ்சு வெப்சைட்ல உங்க கணக்குல தேடுங்க, கிடைக்கலைன்னா அந்தப் பக்கத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பட்டன் இல்லாததே ஒரு சட்டமீறல். கம்பெனி அயர்லாந்துல இருக்கு, அமெரிக்கால இருக்குன்னு பயப்படாதீங்க, பிரான்ஸ்ல இருக்கிற ஆளுக்கு விக்க வந்தவங்க இங்கத்த நுகர்வோர் பாதுகாப்பை ஒப்பந்தம் எழுதி பறிக்க முடியாது. கார்டை பிளாக் பண்றது மட்டும் தீர்வு இல்ல, ஒப்பந்தத்தை நிறுத்தாம விட்டா அவங்க பாக்கி இருக்குன்னு கடிதம் போடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், விண்டோஸ்ல டிஃபெண்டர்னு ஒண்ணு கூடவே வருது, வேற ஆன்டிவைரஸ் போட்டதும் அது ஒதுங்கிக்கும், அந்த ஆன்டிவைரஸை எடுத்ததும் தானா திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அதனால காசு கட்டலைன்னா கம்ப்யூட்டர் பாதுகாப்பில்லாம போயிடும்னு சிவப்பு எழுத்துல வர்ற எச்சரிக்கையைப் பார்த்து வீட்டுக்காரர் மெஷின்லயும் காசு கட்டிடாதீங்க.

இப்ப விண்டோஸ் காசு. இந்தக் கேள்வி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு, போனதும் பிரான்ஸ்லருந்துதான். 2008 டிசம்பர்ல ஒருத்தர் விண்டோஸ் விஸ்டா போட்ட சோனி லாப்டாப்பை 549 யூரோவுக்கு வாங்கினார், முதல்ல திறந்தப்பவே விண்டோஸ் உரிமத்துக்கு (அதைப் பயன்படுத்தற விதிகளுக்கு) சம்மதிக்காம சாஃப்ட்வேர் காசை மட்டும் கொடுன்னு கேட்டார். கம்பெனி, வேணும்னா லாப்டாப்பையே திருப்பிக் கொடுத்துட்டு மொத்தக் காசையும் வாங்கிக்கோன்னுச்சு, அவர் ஒத்துக்கல, கோர்ட்டுக்கு போனார். கேஸ் சி-310/15, தீர்ப்பு 2016 செப்டம்பர் 7. சாஃப்ட்வேர் போட்ட கம்ப்யூட்டரை மட்டுமே விக்கிறது அதனாலேயே முறைகேடு ஆகிடாது, நிறைய ஜனங்க வாங்கின உடனே வேலை செய்ற மெஷினைத்தான் எதிர்பார்க்கிறாங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒழுங்கா சொல்லியிருந்தா போதும், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி விலை போடாததும் ஏமாத்தறது இல்லைன்னு சொல்லிட்டாங்க. 2017ல பாரிஸ்ல இருக்கிற கூர் த கசாசியோன்ங்கிற பிரெஞ்சு உச்ச நீதிமன்றமும் அதே வழில போயிட்டாங்க. இதுக்கு மேல சேன் தெனில இருக்கிற நீதிபதிகிட்ட போய் விண்டோஸ் கூட வந்ததே தப்புன்னு வாதாடறது உங்க நேரத்தை வீணடிக்கிறதுதான், நான் அந்த கேஸை எடுக்க மாட்டேன்.

ஆனா இத்தாலில வேற மாதிரி நடந்துச்சு. 2014ல அங்கத்த உச்ச நீதிமன்றம் எச்பி கம்ப்யூட்டர் விஷயத்துல, உரிமத்துக்கு சம்மதிக்காதவருக்கு விண்டோஸ் காசைத் திருப்பணும்னு சொல்லிச்சு. அப்புறம் 2020 டிசம்பர்ல மோன்ஸா கோர்ட், 42 யூரோ விண்டோஸ் காசைத் திருப்பச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து அப்பீல்னு இழுத்தடிச்சதுக்காக லெனோவோவை அந்த நுகர்வோருக்கு 20,000 யூரோ கொடுக்க வச்சது. அது பிரான்ஸைக் கட்டுப்படுத்தாது, ஆனா அந்த 42ங்கிற எண்ணைப் பாருங்க, நீங்க 649ல பாதி விண்டோஸுக்குப் போயிருக்கும்னு நினைச்சிருந்தா, அவ்வளவு எல்லாம் இல்ல.

இங்க எல்லாமே முதல் தடவை ஆன் பண்றப்ப சம்மதம் கேக்கிற அந்த ஸ்கிரீன்ல இருக்கு. விண்டோஸ் உரிமத்துலயே எழுதியிருக்கு, சம்மதம் இல்லைன்னா பயன்படுத்தாதீங்க, கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனியோட திருப்பி எடுக்கிற விதி என்னன்னு அவங்ககிட்ட கேளுங்கன்னு. நீங்க சம்மதம்னு அழுத்தி மாசக்கணக்கா பயன்படுத்திட்டீங்க, அதோட அந்த வழி மூடிடுச்சு, பின்னாடி அழிச்சது கணக்குல வராது. ரெண்டாவது பிள்ளைக்கு வாங்கறப்ப, சிஸ்டம் இல்லாத மாடல் இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லைன்னா முதல் தடவை ஆன் பண்றப்ப அந்த சம்மத ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து, அழுத்தாம, செஞ்ச கம்பெனிக்கு உடனே எழுதுங்க. சில கம்பெனி கொஞ்சம் காசு கொடுக்கும், சில கம்பெனி முழு மெஷினையும் திருப்பிக் கொடுன்னு சொல்லும். கடைல நேர்ல வாங்கின சாமானுக்கு 14 நாள்ல திருப்பற உரிமை சட்டத்துல கிடையாது, அது இணையத்துலயும் ஃபோன்லயும் வாங்கறதுக்கு, நம்ம ஊர்ல பாதிப் பேர் இதை மாத்தித்தான் நம்பிக்கிட்டிருக்காங்க.

வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் விஷயத்துல நீங்க சந்தேகப்பட்டது சரிதான். ஐரோப்பாவோட டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தை இந்த பெரிய கம்பெனிகள் 2024 மார்ச் 7லருந்து கடைப்பிடிக்கணும், அதுல ஆறாவது பிரிவு, சிஸ்டம் ஓட அவசியமில்லாத எந்த புரோகிராமையும் எளிதா எடுத்துட முடியணும்னு சொல்லுது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோனோட ஐஓஎஸ் மூணுக்கும் இது உண்டு. ரீயூனியன் பிரான்ஸோட ஒரு தெபார்த்மான் (மாவட்டம் மாதிரி), கடல் கடந்து இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ள, அதனால இந்த உரிமை நமக்கும் உண்டு, பக்கத்துல மொரீஷியஸ்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்குக் கிடையாது. ஆனா மைக்ரோசாஃப்ட் இதை, கம்ப்யூட்டரை முதல்ல செட் பண்றப்ப நீங்க எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு பார்த்துத்தான் கொடுக்குது. இந்தியான்னு போட்டதால எட்ஜை எடுக்கிற பட்டன் செத்துக் கிடக்கு. அப்புறமா செட்டிங்ல நாட்டை மாத்தினா போதாது, முழுசா ரீசெட் பண்ணித்தான் ஆகணும், ஃபைல்களை வெளிய ஒரு டிஸ்க்ல எடுத்து வச்சிட்டு பண்ணுங்க. அப்ப நாடு பிரான்ஸ்னு போடுங்க, நேரத்தைத் தனியா நம்ம ஊர் நேரத்துக்கு வச்சுக்கலாம், தமிழ் மொழியையும் தமிழ் கீபோர்டையும் அப்புறமா சேர்த்துக்கலாம், அதுக்கும் நாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. தமிழ் வேணும்னு கேட்டதுக்காக ஒரு குடும்பம் தனக்கு இருக்கிற உரிமையை இழக்கிறது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லுங்க.

ஒரு சிஸ்டத்தோட என்னென்ன கூட வரணும்னு கேட்டீங்கன்னா என் கருத்தைச் சொல்றேன். ஃபைல் பார்க்கிறது, செட்டிங்ஸ், அப்டேட், வைரஸ் பாதுகாப்பு, பிரிண்டர் வேலை செய்ய வேண்டியது, இதெல்லாம் வரணும். ஒரு பிரவுசரும் வரணும், அது இல்லாம வேற பிரவுசரை எப்படி இறக்கறது? 2004ல ஐரோப்பிய கமிஷன் மீடியா பிளேயரைச் சேர்த்தது உட்பட சில காரணங்களுக்காக மைக்ரோசாஃப்ட்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டு, பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒண்ணையும் விக்க வச்சது, விலை ரெண்டும் ஒண்ணு, ஜனங்க அதை சீண்டவே இல்ல. பிரவுசரைத் தேர்ந்தெடுக்கிற ஸ்கிரீனைக் காட்டறோம்னு 2009ல வாக்கு கொடுத்துட்டு காட்டாம விட்டதுக்கு 2013ல இன்னொரு 561 மில்லியன். அபராதம் எல்லாம் ஐரோப்பாவோட கஜானாவுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு சென்ட் வராது. அதனால கூட வர்றது எனக்குப் பெரிய குத்தமா படல, வந்ததை எடுக்க முடியாம வைக்கிறதும், ஃப்ரீன்னு கூட்டிட்டு வந்து கார்டுல கை வைக்கிறதும்தான் குத்தம். 30 நாள் ட்ரையல்ங்கிறதை எல்லாம் சிஸ்டத்தோட பாகம்னு சொல்லவே கூடாது. உங்க பையன் போட்ட லினக்ஸ்ல எழுதறதுக்கு லிப்ரெஆபீஸ் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு வருஷா வருஷம் காசு கேக்க மாட்டாங்க, பிரான்ஸ் ழாந்தார்மெரி போலீஸ் கூட 2008லருந்து லினக்ஸுக்கு மாறினவங்கதான், அவனைத் திட்டாதீங்க.

எங்க போறதுன்னா, கடைக்கும் ஆன்டிவைரஸ் கம்பெனிக்கும் தனித்தனியா கடிதம் போடுங்க, ரெண்டையும் ஒரே கடிதத்துல கலக்காதீங்க. அரசாங்கத்தோட சிக்னல்கொன்சோ தளத்துலயும் புகார் பதியுங்க, காசை அவங்க வாங்கித் தர மாட்டாங்க ஆனா கம்பெனிகள் அதுக்கு பதில் சொல்ல வேகம் காட்டும். பதில் வரலைன்னா கடை சேர்ந்திருக்கிற நுகர்வோர் மத்தியஸ்தர்கிட்ட போகலாம், உங்களுக்குச் செலவு இல்ல, அவர் யாருன்னு கடைக்காரர் சொல்லித்தான் ஆகணும், கடிதம் போட்ட ஒரு வருஷத்துக்குள்ள போகணும். இல்லைன்னா கொன்சிலியாத்தர் த ஜுஸ்தீஸ் (சமரசம் பண்ணி வைக்கிறவர்), அதுவும் இலவசம். 5,000 யூரோவுக்குள்ள இருக்கிற வழக்குக்கு கோர்ட்டுக்கு முன்னாடி இப்படி ஒரு சமரச முயற்சி செஞ்சே ஆகணும், நேரா போனா தள்ளிடுவாங்க. அதுக்கப்புறம் சேன் பெனுவா கோர்ட்லயே போடலாம், சேன் தெனிக்கு அலைய வேண்டாம், இந்தத் தொகைக்கு வக்கீலும் தேவையில்ல, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். கடிதம் எழுதிட்டு அனுப்பறதுக்கு முன்னாடி பில், பேங்க் ஸ்டேட்மென்ட்ல அந்த 89,99 வர்ற பக்கம், சார்ஜர் இடத்தோட ஃபோட்டோ மூணையும் எனக்கு அனுப்புங்க, படிச்சுப் பார்த்து திருத்தித் தர்றேன்.