முதலில் நெக்கைப் பாருங்கள்: பழைய பேஸ் கிட்டார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செகண்ட் ஹேண்ட் பேஸ் பற்றியவை. விலை குறைந்த பழைய பேஸ்களை மதித்து விசாரிக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் பாதிக் கடிதங்களில் பாடியின் நிறம் இருக்கிறது, நெக்கைப் பற்றி, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியைப் பற்றி, ஒரு வரிகூட இல்லை.

கே: பழைய பேஸ் நல்லதா, புதியது நல்லதா?

எந்த பேஸ், எவ்வளவு பணம், என்ன மாதிரி இசை? மூன்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கே: பீவி டி-40 ஒன்று மலிவாக வருகிறது. யாரும் கையில் வைத்துப் பார்த்ததில்லை. நம்பலாமா?

நெக் நேராக இருந்தால் தாராளமாக நம்பலாம். 1978-இல் வந்த பேஸ், மிசிசிப்பியில் செய்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இயந்திரத்தில் நெக் செதுக்குவதை கிட்டார் உலகில் முதலில் கையாண்டவர்களில் பீவியும் ஒருவர். அதனால்தான் அந்தக் காலத்து டி-40-களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. டோன் குமிழை முழுக்கத் திறந்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சிங்கிள் காயிலாக, அதாவது ஒற்றைச் சுருளாக ஒலிக்கும். ஏழு வரை குறைத்தால் ஹம்பக்கர், அதாவது இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஆகிவிடும். இதைத் தெரியாமல் "சத்தம் மெலிசாக இருக்கிறது" என்று விற்றுவிடுகிறவர்கள் உண்டு. ஒரே குறை எடை. 4.5 கிலோவுக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். அகலமான ஸ்ட்ராப் வாங்குங்கள்.

கே: என் ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்தால் உர்ரென்று இரைச்சல். பிக்கப் போய்விட்டதா?

இல்லை. ஜாஸ் பேஸில் இருப்பவை இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்கள், இரண்டின் வால்யூமும் சம அளவில் இருந்தால்தான் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்.

கே: ஆக்டிவ் பேஸ் திடீரென்று கரகரத்து, சத்தம் குறைந்துவிட்டது. ப்ரீஆம்ப் மாற்ற வேண்டுமா?

ஆக்டிவ் பேஸின் உள்ளே சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. அந்த பேட்டரியை மாற்றினீர்களா? ஜாக்கில் கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி இரவெல்லாம் தீரும். வாசித்து முடித்ததும் கழற்றுங்கள்.

கே: 1976 ஃபெண்டர் ஜாஸ் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. அந்த விலைக்கு நான்கு நல்ல பேஸ் வாங்கலாம் என்கிறார் நண்பர். ஆனால் வின்டேஜ் வின்டேஜ்தானே?

உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். இந்தச் சொல்லால் ஏமாந்தவர்களின் பேஸ்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபெண்டர் நிறுவனம் 1965-இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்குப் போனது. 1985 வரை அவர்களிடமே இருந்தது. 1970-களின் நடுவில் ஜாஸ் பேஸின் நெக்கைப் பிடிக்கும் நான்கு போல்ட் மூன்றாயிற்று. மூன்று போல்ட் என்பதே குற்றமில்லை. நெக் உட்காரும் குழியை இறுக்கமாக வெட்டியிருந்தால் மூன்றே போதும். ஆனால் அந்தக் காலத்துத் தயாரிப்பில் குழி தளர்வாக வெட்டப்பட்ட பேஸ்கள் நிறைய. நெக்கைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் அசையும், ஜி கம்பி (இருப்பதில் மெல்லியது) ஃபிங்கர்போர்டின், அதாவது விரல் வைக்கும் பலகையின் விளிம்புக்குப் போய்விடும். ஆஷ் மரமும் பல பேஸ்களில் டி-40 அளவுக்குக் கனம். நல்லவையும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்டைப் பார்த்து விலை போடுகிறார்களே தவிர, அந்தக் குறிப்பிட்ட பேஸைப் பார்த்து யாரும் போடுவதில்லை.

அதே ஆண்டுகளில் ஜப்பானில் என்ன நடந்தது? மட்சுமொக்கு தொழிற்சாலையில் அரியா ப்ரோ, வெஸ்டோன் பேஸ்கள் உருவாயின. ஃபுஜிகென்னில் ஐபனேஸ். யமஹா தன் பிபி வரிசையைத் தொடங்கியது. ஜப்பானிய நகல்கள் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான், ஃபெண்டரே 1982-இல் ஃபுஜிகென்னிடம் போய் ஸ்குவையர் பெயரில் பேஸ் செய்யச் சொன்னது. ஜே.வி. சீரியல் எண் உள்ள அந்த ஸ்குவையர்களை இப்போது எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவற்றின் விலையும் ஏறிவிட்டது. ஆனால் வெஸ்டோன் தண்டர் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. யமஹாவின் போல்ட்-ஆன் (நெக்கை போல்ட்டால் மாட்டிய) பிபிகளும் அப்படித்தான். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு 1976 ஜாஸோடு மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். விலை வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட காதில் கேட்காது. பல நேரம் மலிவானதுதான் டியூனில் நிற்கும்.

சேகரித்து வைக்க வாங்குகிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம். வாசிக்க என்றால், லோகோ ஒரு ஸ்டிக்கர், அதைத் தனியாகவும் ஒட்டலாம் என்பதை நினைவில் வையுங்கள். நெக்கையும் நெக் குழியையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கே: படம் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பாடியின் முன்பக்கம் மட்டும் தெரிகிறது. நெக்கைப் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். ஒருவர் நெக் படம் அனுப்பத் தயங்கினால் அந்த பேஸை விட்டுவிடுங்கள்.

கே: நெக் நேராக இருக்கிறதா என்று கடையில் எப்படிப் பார்ப்பது?

ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு. முதல் ஃபிரெட்டிலும், பாடியோடு நெக் சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஈ கம்பியை அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃபிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதாவது சுமார் 0.3 மி.மீ., இருந்தால் சரி. ஜி கம்பியிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் ரொம்ப வித்தியாசமாக இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, வாங்க வேண்டாம். கடைசியாக ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்றாவது இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அது முழுக்க இறுகி நின்றிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கே: ஸ்குவையர் கிளாசிக் வைப் வைத்திருக்கிறேன். சத்தம் மந்தமாக இருப்பதால் விலையுயர்ந்த பிக்கப் போடலாம் என்று இருக்கிறேன்.

கம்பி எப்போது மாற்றினீர்கள்? பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம் எவ்வளவு? பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி என்ன? இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் திருப்தி இல்லாவிட்டால் பிக்கப் பற்றிப் பேசுவோம். அந்த பிக்கப்பின் விலையில் இன்னொரு நல்ல செகண்ட் ஹேண்ட் பேஸ் வரும்.

கே: ஐந்து கம்பி பேஸ் வாங்கினேன். பி கம்பி தளர்ந்து தொங்குகிறது. 35 அங்குல ஸ்கேல் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஸ்கேல் என்பது கம்பி அதிரும் நீளம். பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஈ கம்பியோ 41. அவ்வளவு தாழ்ந்த அதிர்வுக்கு நெக் வளையாமல் நிற்க வேண்டும், ஸ்கேல் அதற்குப் பிறகுதான். 34 அங்குலத்திலேயே 130 கேஜ் தடிமனுள்ள கம்பி போட்டுப் பாருங்கள், நிறைய இறுகும். 35 தான் வேண்டும் என்றால் பீவி சிரஸ் தேடுங்கள். பாடி முழுக்க ஓடும் நெக், அற்புதமான வேலைப்பாடு. தலையில் பீவி என்று எழுதியிருப்பதால் மட்டுமே செகண்ட் ஹேண்ட் விலையில் அவ்வளவு இறங்கிப் போகிறது.

கே: கம்பியை அடிக்கடி மாற்ற வேண்டுமா?

ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) என்றால் ஒலி மங்கியதும் மாற்றுங்கள். ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) என்றால் விட்டுவிடலாம். மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கம்பி அறுந்தால்தான் மாற்றுவார்.

கே: கை சிறியது. எல்லாரும் பேஸை விடச் சொல்கிறார்கள்.

விடாதீர்கள். 30 அங்குல ஸ்கேல் பேஸ் வாங்குங்கள். ஷார்ட் ஸ்கேலைப் பிள்ளைகள் சாமான் என்று நினைத்து மலிவாக விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 34 அங்குலமே வேண்டும் என்றால் ஜாஸ் நெக், நட்டில் (நெக்கின் தலைப்பக்க முனையில்) அகலம் 38 மி.மீ. தான். பிரிசிஷன் நட் 41-க்கு மேல் வரும்.

கே: ஜி கம்பியில் ஐந்தாம் ஆறாம் ஃபிரெட்டில் மட்டும் சுரம் சட்டென்று செத்துவிடுகிறது. மலிவான பேஸ் என்பதாலா?

இல்லை. போல்ட்-ஆன் நெக் பேஸ்களில் அங்கே இப்படி ஆவது சகஜம், விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. அந்த இடத்தில் நெக் தானும் சேர்ந்து அதிர்ந்து கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. பேஸின் தலையில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்கள், அந்த இடம் நகர்ந்துவிடும். வாங்கும் முன் எல்லா ஃபிரெட்டிலும் ஒவ்வொரு சுரத்தையும் முழுக்க ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

கே: யமஹா பிபி, போல்ட்-ஆன். இரண்டு பக்கமும் இடைவெளி 0.3 மி.மீ., ட்ரஸ் ராட் அரைச் சுற்று மிச்சம், முதல் மூன்று ஃபிரெட்டில் லேசான தேய்மானம், ஒரு பாட் கரகரக்கிறது. பக்கவாட்டுப் படம் இணைப்பு.

இப்படித்தான் எழுத வேண்டும். பாட், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தில், கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துப் பதினைந்து முறை திருப்பினால் கரகரப்பு போய்விடும். அந்தத் தேய்மானத்துக்கு ஃபிரெட்களைத் தேய்த்து லெவல் செய்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை. இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.